துணைக்கு இருந்தவள்

போன வாரம் கலைச்செல்வி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபோது காய்ச்சல் வார்டை அவள் பொறுப்பில்தான் விட்டுவிட்டு வந்தேன். மழைக்காலம் தொடங்கிவிட்டதால் வார்டு நிரம்பிவிட்டதாகச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

“அக்கா, துணைக்கு இருக்கவுகளுக்கும் காச்சல் பாக்கணும், பிரஷர் பாக்கணும்னு எங்களப் பழக்கிட்டுப் போயிட்டீக. இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்றாக. நோயாளிக்கு ஒரு நம்பர் இருக்கு. கூட இருக்கவுகளுக்கு நம்பர் ஏது? நம்பர் இல்லாத ஆள எதுல ஏத்துறது? இந்த வேலை எதுக்குன்னு கேக்குறாக. நான் என்னன்னு சொல்ல?”

அதற்குப் பதில் சொல்ல மகேஸ்வரி என்ற ஒருத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் ராயப்பன்பட்டி. வீட்டில் நாங்கள் நான்கு பெண்கள். அக்காமார் மூவரும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனார்கள், நான் மதுரைக்கு நர்சிங் படிக்கப் போனேன். நாங்கள் படித்த காலத்தில் டெங்கு என்பது புத்தகத்தில் அரைப் பக்கம். பரீட்சைக்குக்கூட அதை யாரும் படிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு மலேரியா பார்த்தேன், டைபாய்டு பார்த்தேன். ஒரு வருடம் சிக்குன்குனியா வந்து, தெருத் தெருவாக ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அந்த அரைப் பக்கம் எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்குள் வந்து உட்கார்ந்தபோது எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

காய்ச்சல் வார்டை எனக்குக் கற்றுத் தந்தவர் டாக்டர் சங்கரலிங்கம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர். வார்டுக்குள் வந்தால் முதலில் நோயாளியின் முகத்தைப் பார்க்கமாட்டார், கேஸ் ஷீட்டையும் கேட்கமாட்டார். நேராகக் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கிப் பாதத்தைப் புறங்கையால் தொடுவார். கட்டைவிரல் நகத்தை ஒரு அழுத்து அழுத்தி விடுவார். வெளுத்த நகம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பார்.

கோபம் வந்தாலும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கேட்ட கேள்வியை அதே குரலில் மறுபடியும் கேட்பார், அவ்வளவுதான். நான் அந்த வார்டுக்கு வந்த புதிதில் ஒரு நோயாளியைக் காட்டி, “யூரின் எவ்வளவு போச்சு?” என்றார்.

“நல்லாப் போகுது சார்.”

“எவ்வளவு போச்சு?”

“காலையிலருந்து ரெண்டு மூணு தடவை போயிட்டாரு சார்.”

“எவ்வளவு போச்சு?”

மறுநாள் தண்ணீர் பாட்டில்களின் கழுத்தை வெட்டி, அளவுக்கோடு ஒட்டி, ஒவ்வொரு கட்டிலுக்கடியிலும் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். அந்தக் கேள்வியை என்னிடம் அவர் மூன்று முறை கேட்கும்படி அதற்கப்புறம் நான் வைத்துக்கொள்ளவில்லை.

டெங்குவில் காய்ச்சல் அடிக்கும் நாட்களைவிடக் காய்ச்சல் விடும் நாள்தான் ஆபத்து. இதை ஜனங்களுக்குப் புரியவைக்கப் படாத பாடு பட்டோம். உடம்பு குளிர்ந்ததும் குணமாகிவிட்டது என்று மூட்டையைக் கட்டுவார்கள். அப்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகும். பிரஷரின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றையொன்று நெருங்கும். “மேல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க, ரெண்டுக்கும் இடைவெளியைப் பாருங்க” என்பார் டாக்டர். சலைனைக் குறைத்து ஏற்றினால் ஷாக். கூட்டி ஏற்றினால் நுரையீரலில் நீர். அதனால் மணிக்கு மணி பார்த்துச் சொட்டின் வேகத்தை மாற்றவேண்டும். ரத்தத் தட்டணு எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு அழுகிற உறவுக்காரர்களிடம், “அது ஏறும் இறங்கும். கஞ்சி எத்தனை டம்ளர் குடிச்சார், அதச் சொல்லுங்க” என்பார். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர வேறு மாத்திரை கூடாது. உடம்புவலிக்கென்று கடையில் வாங்குகிற மாத்திரையும் ஊசியும் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும் என்று சுவரில் பெரிதாக எழுதிவைத்திருந்தோம்.

பகலிலும் கட்டிலுக்குக் கொசுவலை கட்டவைத்தார். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. வார்டில் கிடக்கும் ஒருவரைக் கடித்த கொசு இன்னொருவரைக் கடித்துவிடக் கூடாது. “பட்டப்பகல்ல வலைக்குள்ள படுக்கச் சொல்றாகளே, புது மாப்பிள்ளையா நானு?” என்று கேலி பேசாத ஆள் இல்லை.

அப்படிக் கேலி பேசியவர்களில் ஒருவன்தான் பால்பாண்டி. கோம்பைக்காரன். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் மலையேறும் ஜீப் ஓட்டி. அந்தப் பக்கம் போய்வந்து பழகியதால் காய்ச்சலை மலையாளத்தில் சொல்வது போல ‘பனி’ என்பான்.

“தோட்டத்துல பாதிப் பேருக்குப் பனி சிஸ்டர். எனக்கும் ஒட்டிக்கிருச்சு போல” என்று சிரித்துக்கொண்டே வந்து படுத்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கூட வந்தவள் அவன் மனைவி மகேஸ்வரி.

அவர்களுக்கு வேறு ஆள் கிடையாது. அவள் தாய் வீடு தேவதானப்பட்டியில். அங்கே அம்மா இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தாள். நான்காம் வகுப்புப் படிக்கிற மகளை அங்கே அண்ணன் மனைவியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவன் பக்கத்திலோ கேட்க நாதியில்லை.

இத்தனை வருடத்தில் நான் பார்த்த துணையாட்களிலேயே அவள்தான் கெட்டிக்காரி. சொன்னதை ஒருமுறை கேட்டால் போதும். கஞ்சி, இளநீர், உப்புச்சர்க்கரைத் தண்ணீர் எல்லாவற்றையும் அளந்து கொடுப்பாள். அவன் வேண்டாமென்று முகத்தைத் திருப்பினால், “நீங்க குடிக்கலேன்னா சிஸ்டர் என்னத்தேன் வைவாக” என்று என் பேரைச் சொல்லிக் குடிக்கவைப்பாள். சிறுநீர் அளவைக் கேட்டால் மணி வாரியாகச் சொல்வாள். பக்கத்துக் கட்டிலில் சுருளிப்பட்டியிலிருந்து வந்த கிழவர் ஒருவர் ஆளில்லாமல் கிடந்தார். அவருக்கும் அவளே கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஒருநாள், “இவங்களுக்கு ஒரு யூனிஃபார்ம் கொடுத்துருங்க சிஸ்டர்” என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அபூர்வம். மகேஸ்வரி வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

பால்பாண்டிக்குக் காய்ச்சல் விட்டதும் நாங்கள் பயந்த நேரம் வந்தது. வயிறு வலித்தது. இரண்டு முறை வாந்தி. பிரஷரின் இடைவெளி சுருங்கியது. டாக்டர் கால்மாட்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். சொட்டைக் கூட்டினோம், குறைத்தோம், ரத்தம் எடுத்துப் பார்த்தோம், மறுபடி கூட்டினோம். நான் அவன் கையில் பிரஷர் பட்டையைக் கட்டும்போதெல்லாம் மகேஸ்வரி எதிர்ப்பக்கம் நின்று அவன் கையைத் தாங்கிப் பிடிப்பாள். பட்டைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். ஒருமுறை அவள் கஞ்சி டம்ளரை என்னிடம் நீட்டியபோது எங்கள் விரல்கள் பட்டன. அவள் விரல் சுட்டது. டம்ளரின் சூடு என்று நினைத்தேன்.

அவன் தப்பினான். பசி எடுத்தது. கைகால்களில் சிவப்புத் தடிப்பு வந்து அரித்தது. அது வந்தால் எங்களுக்குச் சந்தோஷம், ஆள் தேறிவிட்டான் என்று அர்த்தம். அடுத்த நாள் காலை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு அனுப்புவதாக இருந்த அன்று காலை, ரவுண்ட்ஸில் டாக்டர் பால்பாண்டியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். திரும்பியவர் நின்றுவிட்டார். மகேஸ்வரி கட்டியும் கட்டாத துணிப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா கீழ உக்காந்திருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல சார். கிறுகிறுன்னு வருது.”

“ஏன் கீழ உக்காந்திருக்கீங்க?”

அவள் சிரிக்கப் பார்த்தாள். டாக்டர் அப்படியே தரையில் குத்துக்காலிட்டு அவள் பாதத்தைத் தொட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டையை அவள் கையில் கட்டினேன். மேல் எண் தொண்ணூறு. கீழ் எண் எண்பது. அவள் பாதம் ஈரத்துணி போல இருந்தது.

கணவன் எழுந்த கட்டிலில் அவளைப் படுக்கவைத்தோம். ரத்தம் எடுக்க ஊசி போட்ட இடத்தில் பஞ்சை எவ்வளவு அழுத்தியும் கசிவு நிற்கவில்லை. “எத்தனை நாளாக் காய்ச்சல்?” என்று டாக்டர் கேட்டார். “லேசாத்தேன் சார். மாத்திரை போட்டேன், விட்டுப்போச்சு” என்றாள். அவள் பையில் அந்த மாத்திரை அட்டை இருந்தது. எதைச் சாப்பிடக் கூடாது என்று சுவரில் எழுதிவைத்திருந்தோமோ அதே உடம்புவலி மாத்திரை. பாதிக்கு மேல் காலி. தான் விழாமல் நிற்கவேண்டும் என்பதற்காகச் சாப்பிட்டிருக்கிறாள். கணக்குப் பார்த்தால் அவனைச் சேர்த்த மறுநாளே அவளுக்கும் தொடங்கியிருக்கவேண்டும். ஒரே வீடு, ஒரே கொசு.

தேனிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிவாயிற்று. இரண்டு கையிலும் சலைன் ஓட, ஆம்புலன்ஸில் நான் அவளோடு போனேன். அவனுக்கு இன்னும் அலையும் தெம்பு வரவில்லை. பின்னால் வரச்சொல்லிவிட்டோம். சின்னமனூர் தாண்டும் வரை நன்றாகப் பேசினாள்.

“சிஸ்டர், அவருக்கு மத்தியானக் கஞ்சி யாரு குடுப்பா?”

“நான் சொல்லிட்டு வந்திருக்கேன். நீ பேசாமப் படு.”

“உப்புக் கொறச்சுப் போட்டாத்தேன் குடிப்பாரு.”

வீரபாண்டி வரும்போது, “பாப்பாவுக்குத் தெரியவேணாம்” என்றாள். அதற்குப் பிறகு தெளிவாகப் பேசவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், தட்டணு ஏற்றினார்கள். செய்யவேண்டியது எதையும் விடவில்லை. நாங்கள் கொண்டுபோய்ச் சேர்க்கும்போதே நேரம் கடந்துபோயிருந்தது. மறுநாள் சாயங்காலம் செய்தி வந்தது. டாக்டர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளி நோயாளிகள் வரிசை நீளமாக இருந்தும் யாரும் போய்த் தட்டவில்லை.

துக்கம் கேட்கக் கோம்பைக்குப் போனேன். நான் போன நேரம் சுகாதாரத் துறையிலிருந்து ஆய்வாளரும் கொசுப்புழு தேடும் பெண்களும் வந்திருந்தார்கள். அந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வீட்டுக்கு நான்கைந்து டிரம் இருக்கும். மகேஸ்வரி ஒவ்வொரு டிரம்முக்கும் வெள்ளைத் துணி போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பெண்கள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், ஒரு புழுகூட இல்லை. “இப்படி ஒரு வீட்டப் பாத்ததில்லக்கா” என்றாள் ஒருத்தி. பிறகு வீட்டுக்குப் பின்னால் போனார்கள். அங்கே ஜீப்பின் பழைய டயர்கள் அடுக்கிக் கிடந்தன. அவற்றின் உள்ளே மழைத்தண்ணீர். அதில் புழு நெளிந்தது.

“அது என் சாமான்னு அவ தொடமாட்டா” என்றான் பால்பாண்டி. தானே ஒவ்வொரு டயராகச் சாய்த்துத் தண்ணீரை ஊற்றி, உருட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினான். யாரையும் உதவிக்கு விடவில்லை. பாதியில் மூச்சிரைத்து நின்றான், மறுபடி உருட்டினான்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒருநாள் அவன் வார்டுக்கு வந்தான். டாக்டரும் நானும் ரவுண்ட்ஸில் இருந்தோம். மொட்டையடித்த தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. தான் படுத்திருந்த கட்டிலின் பக்கத்தில் போய் நின்றான். சத்தம் போடவில்லை.

“எனக்கு நேரம் தவறாமப் பிரஷர் பாத்தீக. ராப்பகலாப் பாத்தீக. இல்லேன்னு சொல்லல. அவளும் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்துலதான நின்னா. அவளுக்கு ஒரு தடவையாச்சும் பாத்தீகளா?”

டாக்டர் அவன் முகத்தைப் பார்த்து, “பாக்கல” என்றார். வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவள் சொல்லவில்லை என்றோ, அவள் நோயாளியாகச் சேரவில்லை என்றோ சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மை. அவர் சொல்லவில்லை. பால்பாண்டி திரும்பிப் போய்விட்டான்.

மறுநாள் காலை டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். காய்ச்சல் வார்டில் துணைக்கு இருக்கிற ஒவ்வொருவருக்கும் தினமும் காய்ச்சலும் பிரஷரும் பார்க்கவேண்டும், தரையில் படுப்பவருக்கும் வலை கொடுக்கவேண்டும் என்றார். வேலை இரட்டிப்பாகிறதே என்று எங்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் அந்த மழைக்காலம் முடிவதற்குள்ளேயே, பிள்ளைக்குத் துணையாக வந்திருந்த கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவருக்குக் காய்ச்சல் இருப்பதைக் கண்டுபிடித்தோம். அவரும் மறைத்துத்தான் வைத்திருந்தார். “கொடி கவாத்து வெட்டுற நேரம், நானும் படுத்தா யாரு பாக்குறது” என்றார். பத்திரமாக வீடு திரும்பினார். அவர் கிளம்பிய அன்று மற்றவர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் மகேஸ்வரியின் ஞாபகம்தான் வந்தது. எத்தனை சுலபமான வேலை அது. ஒரு பட்டையைக் கட்டிக் காற்றடிக்கும் நேரம்தான்.

டாக்டர் மாற்றலாகிப் போனார். பிறகு வந்தவர்கள் வேண்டாமென்றும் சொல்லவில்லை, வேண்டுமென்றும் சொல்லவில்லை. எழுத்தில் உத்தரவு எதுவும் இல்லாததால் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். கலைச்செல்வி போன்ற ஒன்றிரண்டு பேர் என்னோடு சேர்ந்து செய்தார்கள். மகேஸ்வரிக்காகத்தான் செய்கிறேன் என்று அவர்களிடம் நான் சொன்னதில்லை.

போன ஆடி மாதம் ஒரு வேலையாக உத்தமபாளையம் போயிருந்தேன். ராயப்பன்பட்டிக்குப் பஸ்ஸுக்காக நின்றபோது ஒரு ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. தலை முழுக்க நரைத்த ஓட்டுநர் எட்டிப் பார்த்து, “ஏறுங்க சிஸ்டர், அங்கனதேன் போறேன்” என்றான். குரலை வைத்துத்தான் பால்பாண்டி என்று அடையாளம் தெரிந்தது.

ஊர் எல்லையைத் தாண்டினோம். திராட்சைப் பந்தல்கள் தொடங்கும் இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

“அவளுக்குக் காச்சல்னு எனக்குத் தெரியும் சிஸ்டர்.”

நான் அவனைப் பார்த்தேன். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சேத்த மறுநா என் நெத்தியத் தொட்டுப் பாத்தா. என் நெத்தியவிட அவ கை சுட்டுச்சு. என்னடின்னேன். ‘சொல்லிராதீக. என்னையும் படுக்கப் போட்ருவாக. உங்களுக்கு யாரு இருக்கா’ன்னு கையப் புடிச்சுக்கிட்டா. நானும் சொல்லல. மாத்திரை வாங்கக் காசு எடுத்துக் குடுத்ததும் நாந்தேன். அப்புறம் உங்ககிட்ட வந்து அப்படிக் கேட்டேன். யாரையாச்சும் கேக்கணும் போல இருந்துச்சு.”

எங்களைத் தாண்டி ஒரு டிராக்டர் போனது.

“அன்னைக்கே உங்ககிட்டச் சொல்லியிருந்தா பொழச்சிருப்பாளா?”

“அப்படிச் சொல்ல முடியாது தம்பி. சில பேருக்கு என்ன செஞ்சாலும் நிக்கிறதில்ல.”

“மனசத் தேத்துறதுக்காகச் சொல்லாதீக சிஸ்டர்.”

இதற்குமேல் எப்படி மழுப்புவது? முதல் நாளிலேயே தெரிந்து, அந்த மாத்திரையைத் தொடாமல், தண்ணீர் குடித்துப் படுத்திருந்தவர்கள் எங்கள் வார்டிலிருந்து நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள்.

“பொழச்சிருப்பா” என்றேன்.

தலையை மெதுவாக ஆட்டினான். ஸ்டியரிங்கின் மேல் கையை எடுத்து வைத்தான். பிறகு கேட்டான்.

“மக இப்ப திண்டுக்கல்ல வேலை பாக்குறா. அம்மா எப்படிச் செத்தான்னு அவ கேட்டப்ப, ஆஸ்பத்திரியில யாரும் கவனிக்கலன்னுதேன் சொன்னேன். இன்னமும் அப்படித்தேன் நம்பிக்கிட்டிருக்கா. மாத்திச் சொல்லணுமா சிஸ்டர்?”

அன்று கஞ்சி டம்ளரை வாங்கும்போது என் விரலில் பட்ட அந்தச் சூடு இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

“மாத்த வேணாம்” என்றேன். “அதுவும் உண்மதான் தம்பி.”